பாலைவனக் கள்ளியின் மெழுகு: வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சரக்கு



மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லாவில் உட்கார்ந்தவன். செடி கொடிகளைப் பற்றிக் கட்டுரை எழுதும் அளவுக்குப் படித்தவன் அல்ல. ஆனாலும் இரண்டு பெட்டி ஜெல்லி மிட்டாய் என் கடைக்குத் திரும்பி வந்தது. அதன் காரணமாக ஒரு செடியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டது நம் தொழிலில் உள்ளவர்களுக்கு உதவும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்களிடம் பல காலமாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, நீங்க அனுப்பின வெளிநாட்டு ஜெல்லி மிட்டாயில மெழுகு சேர்த்திருக்காமே? டப்பாவிலேயே போட்டிருக்கு. நம்ம கடையில மாதச் சாமான் வாங்குற ஒரு சமணக் குடும்பம், அது பூச்சியில இருந்து எடுத்ததான்னு கேட்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"எனக்கு என்ன தம்பி தெரியும்? கம்பெனிக்காரன் ஏதாவது போட்டிருப்பான். சந்தேகமா இருந்தா சரக்கைத் திருப்பி விட்டுடு" என்றேன்.

அவர் திருப்பி விட்டார். இரண்டு பெட்டி மிட்டாய் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம், "என்ன விற்கிறோம் என்றே தெரியாமல் விற்கிறார்கள்" என்று சொல்லி, மாதச் சாமான் முழுவதையும் வேறு கடைக்கு மாற்றிக்கொண்டது. எத்தனையோ வருட வாடிக்கை ஒரு கேள்விக்குப் பதில் இல்லாததால் போயிற்று. போனது அவருடைய வாடிக்கை. பதில் சொல்லத் தவறியது நான்.

திரும்பி வந்த பெட்டியை என் பேரன் எடுத்துப் படித்துப் பார்த்தான். "தாத்தா, இது 902. செடியிலிருந்து வரும் மெழுகு. பூச்சி இல்லை" என்றான். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதற்குத்தான் அத்தனை நஷ்டம். பிறகு அது என்ன செடி, எங்கே விளைகிறது, யார் எடுக்கிறார்கள் என்று அவனைப் படித்துச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டேன்.

ஆமணக்கின் உறவுக்காரச் செடி

அந்தச் செடியின் பெயர் காண்டெலியா. வட மெக்சிகோவின் பாலை நிலத்தில் தானாக வளரும் கள்ளி. தாவர நூலார் இதை ஆமணக்குக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள். இந்தக் குடும்பம் நமக்குப் புதியது அல்ல. நம் கடையில் விற்கும் விளக்கெண்ணெய் ஆமணக்கு விதையிலிருந்து வருவது. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து வருவது. இரண்டும் இந்தக் குடும்பமே. வண்டிச் சக்கரத்துக்கு டயர் தரும் ரப்பர் மரமும் இதே குடும்பம்தான்.

கள்ளி என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு இனம் உண்டு. சப்பாத்திக்கள்ளி வேறு குடும்பம். வேலி ஓரத்தில் நிற்கும் திருகுகள்ளி, சதுரக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பம். இவற்றை ஒடித்தால் வெள்ளையாகப் பால் வரும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. தோலில் பட்டாலும் எரிச்சல். கள்ளிப்பால் என்றாலே நம் பக்கத்தில் நெஞ்சு பதறும். அதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. திருகுகள்ளிக்குத் தாவர நூலில் உள்ள பெயரும் 'திருகல்லி' என்றுதான் முடிகிறது. நம் பக்கத்துப் பெயரை வைத்தே 1753-ல் லின்னேயஸ் என்ற அறிஞர் அதைப் பதிவு செய்தார்.

காண்டெலியாவும் பால் வடியும் கள்ளிதான். திருகுகள்ளியின் குச்சிகளை மெல்லிதாக்கி, கிளை அதிகம் இல்லாமல், ஒரே தூரிலிருந்து நூற்றுக்கணக்கில் நேராக நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். உயரம் சாதாரணமாக முழங்கால் அளவு. இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. துளிர்க்கும் சிற்றிலைகளும் சீக்கிரம் உதிர்ந்துவிடும். குச்சி சாம்பல் பூத்த பச்சை நிறம். அந்தச் சாம்பல் பூச்சுதான் மெழுகு. காண்டெலியா என்ற ஸ்பானிய மொழிச் சொல்லுக்குச் 'சின்ன மெழுகுவர்த்தி' என்று பொருள்.

இது வளரும் இடம் சிவாவா பாலைவனம். மெக்சிகோவின் கோவாவிலா, சிவாவா, டுராங்கோ, சகாடெகாஸ், நுவோ லியோன் ஆகிய மாநிலங்களிலும், ரியோ கிராண்டே ஆற்றுக்கு வடக்கே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலும் சுண்ணாம்புக் கல் சரிவுகளில் பரவி நிற்கிறது. வேறு பயிர் வராத மண். மழை குறைவு, வெயில் கடுமை. உடம்பில் உள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்கச் செடி தன்மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. மழைக்காலத்தில் மெழுகு குறைவு, வறட்சியில் அதிகம். ஆகவே வறண்ட மாதங்களில் எடுக்கும் செடிக்குத்தான் மதிப்பு.

முன்காலத்தில் மக்கள் இதை மேகநோய்க்கு நாட்டு மருந்தாகப் பயன்படுத்தினார்கள். ஜெர்மானியத் தாவர அறிஞர் சுக்காரினி 19ஆம் நூற்றாண்டில் இதற்கு வைத்த பெயரிலேயே அந்த நோயின் பெயர் இருக்கிறது. நோய் தீர்ந்ததோ இல்லையோ, இன்று இந்தச் செடிக்கு மதிப்பு மெழுகினால் மட்டுமே.

மெழுகு எடுக்கும் விதம்

இந்தச் செடியை வயலில் பயிர் செய்து எடுப்பது மிகக் குறைவு. காட்டில் தானாக வளர்ந்ததைத்தான் பிடுங்குகிறார்கள். அந்தத் தொழிலாளிக்குக் காண்டெலியெரோ என்று பெயர். கையால் தூரோடு பிடுங்கி, கட்டாகக் கட்டி, கழுதை முதுகில் ஏற்றி, தண்ணீர் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டு வருவார்கள். அங்கே தரையில் குழி வெட்டி இரும்புத் தொட்டி ஒன்றைப் பதித்து வைத்திருப்பார்கள். அதைப் பைலா என்கிறார்கள். நம் ஊர் வெல்லம் காய்ச்சும் கொப்பரையை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றிச் செடியைப் போட்டுக் காலால் மிதித்து அமுக்கி, மேலே மிதந்து வராமல் இரும்புச் சட்டத்தால் அழுத்தி மூடுவார்கள். கீழே தீ மூட்டுவார்கள். கொதி வரும்போது கந்தக அமிலம் ஊற்றுவார்கள். அமிலம் சேர்ந்தால் மெழுகு செடியை விட்டுப் பிரிந்து நுரையாக மேலே வரும். துளை போட்ட கரண்டியால் நுரையை வழித்து வேறு பீப்பாயில் விடுவார்கள். ஆறியதும் தண்ணீரும் கசடும் அடியில் தங்க, மேலே மெழுகு கட்டியாகும். அந்தக் கட்டியை உடைத்துச் சாக்கில் போட்டால் அதுதான் கச்சா மெழுகு. செரோட்டே என்று பெயர். மெழுகு எடுத்த சக்கைக் குச்சியைக் காயவைத்து அடுத்த கொதிக்கு விறகாக எரிப்பார்கள். பாலையில் விறகு வேறு ஏது?

நூறு கிலோ செடி வெட்டிச் சுமந்து வந்தால் இரண்டு மூன்று கிலோ மெழுகு கிடைக்கும். நல்ல வறட்சியில் சற்றுக் கூடும். இந்தக் கணக்கை வியாபாரிகள் ஒரு தரம் மனதில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்கு நாற்பது, ஐம்பது கிலோ செடி. அத்தனையும் மனிதக் கையால் பிடுங்கி, கழுதை மேல் ஏற்றி வந்தது. பிறகு கொதிக்கும் அமிலத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஆவி மூச்சில் ஏறும். தெறித்தால் தோல் வெந்துபோகும். சமீப காலத்தில் கந்தக அமிலத்துக்குப் பதில் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தைக் கொண்டு எடுக்கும் முறையை மெக்சிகோ ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருப்பது நல்ல செய்தி.

கச்சா மெழுகில் மண்ணும் குச்சியும் ஈரமும் இருக்கும். ஆலையில் மறுபடி உருக்கி, வடிகட்டி, நிறம் வெளுத்து, மஞ்சள் நிறக் கட்டியாகவோ செதிலாகவோ செய்கிறார்கள். நம் மிட்டாயில் சேர்வது இந்தச் சுத்தம் செய்த உணவுத் தர மெழுகுதான்.

எங்கே சேர்கிறது?

தேன்மெழுகு ஏறக்குறைய 62 முதல் 65 டிகிரி சூட்டில் உருகும். காண்டெலியா மெழுகு 70 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். பிரேசில் நாட்டுப் பனையோலையிலிருந்து எடுக்கும் கார்னவ்பா மெழுகு 80 டிகிரிக்கு மேல். ஆக, இது இரண்டுக்கும் நடுவான சரக்கு. கெட்டியாக இருக்கும், பளபளப்புத் தரும், கையில் ஒட்டாது. மிட்டாய் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்கவும், மினுமினுப்புக்கும், சூயிங்கம் தயாரிக்கவும், உதட்டுச் சாயம் நம் வெயிலில் இளகாமல் நிற்கவும், பழங்களுக்கு மேல்பூச்சாகவும், ஷூ பாலிஷிலும் பயன்படுத்துகிறார்கள். விலங்கு, பூச்சி சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம் என்பவர்கள் உலகம் முழுவதும் பெருகி வருவதால், தேன்மெழுகு இருந்த இடத்தில் இது வருகிறது.

இப்போது நம் கடைக்காரர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பகுதிக்கு வருகிறேன். உணவுப் பொட்டலத்தில் 'கிளேஸிங் ஏஜென்ட்' என்று போட்டு ஒரு எண் இருக்கும். ஐ.என்.எஸ். என்றோ, ஐரோப்பியச் சரக்கானால் ஈ என்ற எழுத்தோடோ இருக்கும். எண் ஒன்றுதான்.

901 என்றால் தேன்மெழுகு. தேன்கூட்டிலிருந்து வருவது.

902 என்றால் காண்டெலியா மெழுகு. கள்ளிச் செடியிலிருந்து வருவது.

903 என்றால் கார்னவ்பா மெழுகு. பிரேசில் பனையிலிருந்து வருவது.

904 என்றால் அரக்கு. அரக்குப் பூச்சியிலிருந்து வருவது. நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கம் அதிகம் உற்பத்தியாகிறது.

905 என்று தொடங்கினால் பெட்ரோலிய வகை எண்ணெய் அல்லது மெழுகு.

பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் நாட்டு உணவு விதியில் அசைவம் எது என்று வரையறுக்கும்போது, பால், தேன் ஆகியவற்றோடு தேன்மெழுகையும் அரக்கையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே 901, 904 சேர்ந்த பொருளிலும் பச்சைப் புள்ளி இருக்கலாம். சட்டப்படி அதில் தவறு இல்லை. ஆனால் பூச்சி சம்பந்தமே கூடாது என்று நோன்பிருக்கும் வாடிக்கையாளருக்கு அந்தப் புள்ளி பதில் சொல்லாது. எண்தான் பதில் சொல்லும். என்னிடம் கேட்ட அன்று இது தெரிந்திருந்தால், "902 போட்டிருக்கா பாரு தம்பி. செடி மெழுகு, தைரியமாச் சொல்லு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

போரும் ஒரு கடையும்

இந்த மெழுகு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெரிய வியாபாரமானது. டெக்சாஸ் எல்லையில் கிளென் ஸ்பிரிங் என்ற சிற்றூரில் 1914-ல் இரண்டு வியாபாரிகள் ஒரு மெழுகு ஆலை போட்டார்கள். அதே ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது. கூடாரத் துணிக்கும் தார்ப்பாய்க்கும் தண்ணீர் புகாமல் பூசுவதற்கு மெழுகு தேவைப்பட்டதால் கிராக்கி ஏறியது. ஆலையை நம்பி ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மெக்சிகோ கூலிக் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களுக்குச் சாமான் விற்க ஒரு பலசரக்குக் கடையும் வந்தது.

மெக்சிகோவில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1916 மே 5ஆம் தேதி இரவு ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று ஆற்றைக் கடந்து வந்து கிளென் ஸ்பிரிங்கைத் தாக்கியது. காவலுக்கு இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் மூவரும், கடைக்காரரின் சின்னஞ்சிறு மகனும் இறந்தார்கள். கடை சூறையாடப்பட்டது. காசு புழங்கும் இடத்துக்குக் காவல் போதாமல் போனால் முதலில் அடிபடுவது கடைக்காரன் குடும்பம் என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும். அந்தப் பகுதி 1944-ல் பிக் பெண்ட் தேசியப் பூங்கா ஆயிற்று. பழைய மெழுகுத் தொட்டிகளின் அடையாளங்கள் அங்கே இன்றும் கிடக்கின்றன. பூங்காவுக்குள் செடியைப் பிடுங்கக் கூடாது.

ஒரே வாசல் வைத்த வியாபாரம்

இனிச் சொல்லப்போவதுதான் வியாபாரிகளுக்கு முக்கியம்.

மெக்சிகோ அரசு இந்த மெழுகு வியாபாரத்தை நெடுங்காலம் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. தொழிலாளி எடுக்கும் கச்சா மெழுகை அரசு வங்கியின் ஆட்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். விலை அவர்கள் வைத்ததுதான். ஏற்றுமதிக்கு வரியும் உண்டு. தரகர் கையில் ஏழைத் தொழிலாளி ஏமாறக் கூடாது என்று சொல்லித்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குபவன் ஒருவன்தான் என்று ஆனதும், விற்பவனுக்குப் பேரம் பேச இடமில்லாமல் போயிற்று.

ஆற்றுக்கு அக்கரையில் டெக்சாஸ் பக்கத்து வியாபாரிகள் அதைவிடக் கூடுதல் விலை தரத் தயாராக இருந்தார்கள். பிறகு என்ன நடக்கும்? இரவில் கழுதைகள் ஆற்றைக் கடந்தன. இக்கரையில் அது கடத்தல். மெக்சிகோ வனக் காவலர் கையில் சிக்கினால் மெழுகும் போகும், கழுதையும் போகும், ஆளும் சிறைக்குப் போவான். அக்கரை சேர்ந்துவிட்டால் அதே சாக்கு சட்டப்படி நல்ல சரக்கு. அமெரிக்கச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. எல்லையோரப் பலசரக்குக் கடைகளில் மெழுகை எடை போட்டு, அதற்குப் பதிலாகக் காசும் மாவும் காப்பியும் சர்க்கரையும் கொடுத்து அனுப்பினார்கள். இது ஏதோ ஒரு நாள், இரண்டு நாள் நடந்தது அல்ல. பல பத்தாண்டுகள் நடந்தது. கர்ட்டிஸ் டனல் என்ற டெக்சாஸ் தொல்லியல் அறிஞர் அந்த முகாம்களை நேரில் பார்த்து 1981-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அதன் தலைப்பில் மூன்று சொற்கள் முன்னால் நிற்கின்றன: மெழுகு, மனிதர், பணம்.

பொருள் எடுத்துத் தருகிறவனுக்குக் கட்டுப்படியாகாத விலையை எந்தச் சட்டம் போட்டு நிறுத்தினாலும், சரக்கு முன்வாசலில் வராது. கொல்லைப்புறமாகப் போய்விடும். இதை நான் மெக்சிகோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்த மண்டியிலேயே பார்த்திருக்கிறேன்.

எங்கள் மண்டியில் நடந்தது

1980களின் தொடக்கம். என் தகப்பனார் கல்லாவில் இருக்க, நான் தராசடியில் நின்ற காலம். நத்தம் பக்கத்திலிருந்து புளி வரும். மரம் ஏறி உலுக்கி, ஓடு உடைத்து, நார் எடுத்து, சாக்கில் கட்டி, பஸ் மேலே போட்டுக் கொண்டுவருவார்கள். ஈரக் கழிவு, நார்க் கழிவு, கொட்டைக் கழிவு, சாக்குக் கழிவு என்று எடையில் பிடிப்பது அன்றைய வழக்கம். நான் இளவயசுச் சுறுசுறுப்பில், வழக்கத்துக்கு மேலேயும் பிடித்தேன். சாக்குக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ. "என்ன முதலாளி, போன தடவையும் இப்படித்தான் பிடிச்சீங்க" என்று ஒரு அம்மா கேட்டார். "இஷ்டம் இருந்தா போடு, இல்லாட்டி எடுத்துட்டுப் போ" என்றேன். எடுத்துக்கொண்டு பஸ் ஏறத் திரும்பவும் கூலி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

அடுத்த வருடம் தை, மாசி போயிற்று. பங்குனி வந்தது. நத்தம் புளி எங்கள் மண்டிக்கு ஒரு சாக்குகூட இறங்கவில்லை. எல்லாம் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது. அந்த வருடம் திண்டுக்கல் வியாபாரியிடமே கூடுதல் விலை கொடுத்து அதே புளியை வாங்கினோம். கழிவில் நான் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு போயிற்று. என் தகப்பனார் என்னைத் திட்டவில்லை. பேரேட்டைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மறுபடி அந்த மக்களை வரவழைக்க எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று. கேள்வி கேட்ட அந்த அம்மா மட்டும் வரவே இல்லை.

ஆற்றைக் கடந்த கழுதைகளைப் பற்றிப் பேரன் படித்துச் சொன்னபோது எனக்கு அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது.

தூரோடு போனால் திரும்ப வராது

இன்னொரு பாடமும் இதில் உண்டு. காண்டெலியாவைப் பிடுங்கும்போது தூரில் ஒரு பகுதியை மண்ணில் விட்டுவிட்டால் மறுபடி துளிர்க்கும். ஆனால் பழைய நிலைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். வறண்ட பூமியில் எதுவும் மெதுவாகத்தான் வளரும். அவசரத்தில் முழுவதையும் பறித்துவிட்டால் அந்தச் சரிவு மொட்டையாகிவிடும். பிறகு அடுத்த மலைக்குப் போக வேண்டும். தூரம் கூடும், கழுதை நடை கூடும், கூலி கட்டாது. விலை குறைவாக இருந்தால் வயிற்றுப்பாட்டுக்காக அதிகம் பிடுங்குவான். அதிகம் பிடுங்கினால் செடி அழியும். ஆக, எடுப்பவனுக்குக் குறைத்துக் கொடுத்த காசு கடைசியில் செடியின் தலையில்தான் விடிகிறது.

இதைத் தடுக்க விதிகள் வந்திருக்கின்றன. அரிய காட்டுயிர்களையும் செடிகளையும் வியாபாரம் அழித்துவிடாமல் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தம் 1973-ல் உண்டாகி 1975-ல் நடைமுறைக்கு வந்தது. சைட்டீஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நம் நாடும் அதில் உறுப்பினர். அதன் இரண்டாம் பட்டியலில் சதைப்பற்றுள்ள கள்ளி இனங்கள் இருக்கின்றன. காண்டெலியாவும் அதில் அடக்கம். இரண்டாம் பட்டியல் என்றால் வியாபாரம் செய்யக் கூடாது என்பதல்ல. உரிய அனுமதிச் சீட்டோடு செய்ய வேண்டும் என்பது. மெக்சிகோ அரசும் செடி எடுப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் 1999-ல் தனி விதிமுறை வகுத்தது.

2010-ல் தோஹா நகரில் கூடிய சைட்டீஸ் மாநாட்டில், கடையில் விற்கத் தயாராகப் பொட்டலம் கட்டிய பொருள்களுக்கு இந்தச் சீட்டுத் தேவையில்லை என்று விலக்கு அளித்தார்கள். ஆகவே உதட்டுச் சாயமோ மிட்டாயோ விற்கும் நம் போன்ற கடைக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கச்சா மெழுகாகவோ சுத்தம் செய்த மெழுகாகவோ மொத்தத்தில் இறக்குமதி செய்ய நினைக்கும் நண்பர்கள், சரக்குக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அனுமதிச் சீட்டு விஷயத்தைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சரக்கு துறைமுகத்தில் நின்ற பிறகு ஓடினால் பயனில்லை.

முடிவாகச் சில வார்த்தைகள்

புதுச் சரக்கு எது வந்தாலும், அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் ஒரு டப்பாவைக் கையில் எடுத்துப் பின்பக்கம் படித்துவிடுங்கள். சிறு எழுத்தாக இருந்தால் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஐந்து எண்களையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மொத்த வியாபாரிகள், புதுச் சரக்கு அனுப்பும்போது அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பில்லோடு ஒரு வரி எழுதி அனுப்பினால் சில்லறைக் கடைக்காரருக்குப் பெரிய உதவி. நான் இப்போது அப்படித்தான் அனுப்புகிறேன்.

நேரடியாகக் கொள்முதல் செய்பவர்களுக்கு ஒன்று. புளியோ, சீயக்காயோ, கடுக்காயோ, காட்டிலிருந்தும் கரட்டிலிருந்தும் பொறுக்கிச் சுமந்து வருகிறவர்களுக்குத் தராசு நேராக இருக்கட்டும். கழிவு உண்மையாக இருந்தால் பிடியுங்கள். கண் முன்னால் காட்டிப் பிடியுங்கள். அவர்களுக்கு ஆறு தாண்ட வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொள்வது நம் லாபத்துக்கும் நல்லது.

மிட்டாயைத் திருப்பி அனுப்பிய அந்தத் தம்பிக்கு மறுநாளே போன் செய்து, அது செடி மெழுகுதான் என்று சொன்னேன். தெரியாமல் பேசியதற்கு வருத்தமும் தெரிவித்தேன். "பரவாயில்லை அண்ணாச்சி, நான் போய்ச் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். போய்ச் சொல்லியும் இருக்கிறார். அவர்கள் மாதச் சாமானுக்குத் திரும்பவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் இப்போதும் எப்போதாவது அவர் கடை முன்னால் நின்று, ஏதாவது ஒரு பொட்டலத்தைக் காட்டி, "இது எந்த மெழுகு?" என்று கேட்டுவிட்டுப் போகிறாராம். நம் தம்பி எண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிறாராம்.